இல்லாத ஆக்சைடு

இரவு மூன்று பத்து. லானிகனில் மைனஸ் நாற்பத்தொன்று.
கருவி படுத்துவிட்டது.
திரையில் ஒரே சிவப்பு வரி,
சந்தையில் தொலைந்த பிள்ளை
வீட்டு முகவரியைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல.
வெளியே தண்டவாளத்தில் நூற்றிரண்டு பெட்டிகள்
இளஞ்சிவப்பு உப்போடு நிற்கின்றன.
பத்து நிமிடத்துக்கொரு தரம் டேரல் கூப்பிடுகிறான்:
"அறுபது இருக்கிறதா, இல்லையா?"

உப்பைத்தான் கேட்க வேண்டும்.
பழைய முறை. மாரிசெல் கையேட்டைத் தேடித் தூசி தட்டினாள்.
கரைத்தோம், வடித்தோம், சொட்டுச் சொட்டாக விட்டோம்.
ஏழாவது சொட்டில் பீக்கர் கலங்கியது
எலுமிச்சை பட்ட பால்போல.
கரைந்து கிடந்தவரை கண்ணுக்குத் தெரியாதது
ஏற்ற துணை வந்ததும் வெள்ளையாக விழுகிறது.
(என் அத்தை இதைக் கேட்டால்
அடுத்த பஸ்ஸிலேயே வரன் பார்க்கக் கிளம்பிவிடுவாள்.)

உலர ஒரு மணி நேரம்.
அதுவரை கை சும்மா இருக்காமல்
மாரிசெல் பிளாட்டினக் கம்பியை எடுத்தாள்.
இலோயிலோவில் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள்.
இங்கே அவள் பதவி, கண்ணாடிச் சாமான் உதவியாளர்.
கம்பி நுனியில் ஒரு துளி. சுடர் மஞ்சளாகக் கத்தியது.
சோடியம்.
கடுகளவு கலந்தாலும் போதும், அறை முழுக்க அதன் குரல்தான்.
திங்கட்கிழமைக் கூட்டம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்,
இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். ஏனென்று சொல்லிக்கொள்ளவில்லை.
நீலக் கண்ணாடித் துண்டைக் கண்ணருகே பிடித்தேன்.
மஞ்சள் அவிந்தது.
அங்கே, கத்தரிப்பூ நிறத்தில், மெல்லிசாக,
அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு.
மூட்டையில் இருப்பது குளோரைடு. எழுதுவது ஆக்சைடு.
சுரங்கத்தில், ஆலையில், பெட்டியில், எங்கு துழாவினாலும்
ஒரு சிட்டிகை ஆக்சைடு கிடைக்காது.
மரச்சாம்பலைக் காய்ச்சிய காலத்து வழக்கம்,
இன்னும் அந்த இல்லாத பெயரில்தான் விலை பேசுகிறார்கள்.

என் சட்டையில் தொங்கும் அட்டை: டாக்டர் முத்துக்கருப்பன்.
முத்துக்கருப்பன் திருத்துறைப்பூண்டியில்
லாரி புக்கிங் ஆபீசில் ரசீது கிழிக்கிறார்.
பனியைப் பார்த்ததில்லை. பிப்பெட்டைத் தொட்டதில்லை.
பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்றொரு கட்டம்
காலியாக இருந்தது, அவ்வளவுதான்.
"முத்து!" என்று டேரல் கத்தும்போதெல்லாம்
அப்பா அரைக்கைச் சட்டையோடு இங்கே வந்து
ஒரு கணம் நடுங்கிவிட்டுப் போகிறார்.

நாலரை. தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.
நான்காம் தசம இலக்கம் நிலைகொள்ளாமல் ஆடியது.
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
மாரிசெல் பெருக்கினாள். நான் பெருக்கினேன்.
தாளை மாற்றிக்கொண்டு மறுபடி பெருக்கினோம்.
அறுபது புள்ளி மூன்று.

"நிச்சயமா? கருவி சொன்னதா?"
"கருவி தூங்குகிறது. நாங்கள் சொல்கிறோம்."
போனில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.
பிறகு, தொலைவில், இணைப்புக் கொக்கிகள்
ஒன்றையொன்று இழுத்து விழித்துக்கொண்டே போகும் ஓசை.

இரண்டு மாதத்தில் இதில் ஏதோ ஒரு மூட்டை
தூத்துக்குடியில் இறங்கலாம்.
அண்ணன் விலையைத் திட்டிக்கொண்டே வாங்கலாம்.
கதிர் பிடிக்கும் சமயம், தாள் சாயாமலிருக்க, கைநிறைய வீசலாம்.
"அங்கே என்னதான் வேலை உனக்கு?" என்று கேட்பான்.
உப்பு நிறுக்கிறேன் என்பேன்.
அதற்கா அவ்வளவு படித்தாய் என்பான்.

சான்றிதழில் 'பகுத்தவர்' என்ற இடத்தில்
மாரிசெல் பெயரை முதலில் எழுதினேன்.
வேண்டாம், திட்டுவார்கள் என்றாள்.
திட்டட்டும்.
அடுத்து என் பெயர். அப்பாவுடையது அல்ல, என்னுடையது.
அங்கயற்கண்ணி.
ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து,
கட்டம் எட்டுக்குத்தான் இடம் வைத்திருந்தது.
மிச்சம் நான்கும் கோட்டைத் தாண்டி
வெறும் விளிம்பில் போய் நின்றன.